கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தஞ்சை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரிய கோயிலும், காவிரி பாயும் நெல்வயலும், தியாகராசர் முதலியோர் பாடி வைத்த கீர்த்தனைகளுமே ஆகும். அந்தத் தஞ்சையிலே இசையின் இலக்கணத்தைத் தேடித் தம் கைப்பொருளைச் செலவிட்டு, நாடெங்குமிருந்து வித்துவான்களை வரவழைத்து, மாநாடுகள் கூட்டி, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலையும் எழுதி அச்சிட்ட பெரியார் ஒருவர் வாழ்ந்தார். அவர் காவிரிக்கரையில் பிறந்தவர் அல்லர். நம் நாஞ்சில் நாட்டிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, மலையை இடப்புறமாகக் கொண்டு வடக்கே சென்றால், தென்காசிக்கு அருகில் சாம்பவர் வடகரை என்னும் ஊர் வரும். அங்கே 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், முத்துசாமி, அன்னம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர்.

அவர் பரம்பரைப் பாடகர் அல்லர். அரண்மனை வித்துவானும் அல்லர். முதலில் பள்ளி ஆசிரியர்; பின்பு சித்த மருத்துவர்; அதற்கிடையே நல்ல உழவர். இத்தனைக்கும் நடுவில் இசையைப் பாடமாகக் கற்றுக்கொண்டவர். இசை உலகத்தார் அவரைப்பற்றி நிரம்ப எழுதியிருக்கின்றனர். இயற்பியல் மாணவனாகிய நான் எழுத முன்வந்த காரணம், நண்பர்களே, இக்கட்டுரையின் நடுவில் தானே விளங்கும்.

சுரண்டையில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஓர் எளிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டிய உயர்கல்வி அதுவே. ஆசிரியராகிவிட்டால் மாதச் சம்பளம் உண்டு, குடும்பம் நிமிர்ந்துவிடும். பலருக்கு அதுவே ஊர் போய்ச் சேர்ந்த நிலை. இவருக்கோ அது புறப்பட்ட இடமாயிற்று. திண்டுக்கல்லில் இருந்த காலத்திலேயே புகைப்படம் எடுக்கக் கற்றார், அச்சுத்தொழிலைப் பழகினார், சடையாண்டிப் பத்தர் என்னும் இசை அறிஞரை அணுகி இசையும் பயின்றார். கண்டதையெல்லாம் கற்கத் துடிக்கும் இளைஞரை நாம் அறிவோம். ஆனால் ஒன்றைத் தொட்டால் அதன் அடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விடுவது என்ற பிடிவாதம் எல்லாரிடமும் இருப்பதில்லை. இவரிடம் அது இருந்தது.

மருத்துவம் அவருக்குக் கிடைத்த வகை கதைபோல் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பக்கத்திலுள்ள சுருளி மலைக்கு மூலிகை நாடிச் சென்றவர், அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, அவரையே தம் குருவாகக் கொண்டார். பின்னாளில் தாம் செய்த மருந்து, வாழ்ந்த தோட்டம், எழுதிய நூல் ஆகிய எல்லாவற்றிலும் கருணை என்னும் சொல்லை வைத்ததற்கு அந்தக் குருவின் பெயரே காரணம்.

1882இல் அவருக்கும் ஞானவடிவு பொன்னம்மாளுக்கும் திருமணம் நடந்தது. அம்மையாரும் ஆசிரியப் பணிக்குரிய கல்வி பெற்றவர். இருவரும் தஞ்சைக்குச் சென்று அங்கிருந்த லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணிபுரிந்தனர். கணவனும் மனைவியுமாக ஒரே பள்ளியில் பெண்களுக்குக் கல்வி புகட்டியது, அந்தக் காலத்தை எண்ணிப் பார்த்தால், சிறிய செய்தி அன்று. 1890ஆம் ஆண்டளவில் பண்டிதர் பள்ளி வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் அவர் செய்தவை தமிழகத்தில் மட்டுமன்றிக் கடல் கடந்தும் விலைபோயின. கையில் பணம் சேர்ந்தது. தஞ்சை நகருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர். ஊரார் சொன்னது பண்டிதர் தோட்டம். அங்கே கரும்பு முதலியவற்றை அவர் பயிர் செய்த திறம் அரசாங்கத்தார் கவனத்துக்கு வந்தது. 1909இல் ராவ்சாகிப் பட்டமும் வந்தது. அவருடைய அச்சகத்துக்கு அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் லாலியின் பெயரே இடப்பட்டது.

பட்டம், பணம், தோட்டம் ஆகியவற்றோடு நின்றிருந்தால் தஞ்சையின் செல்வர் வரிசையில் ஒரு பெயராக அவர் போயிருப்பார். நான் சொல்ல வந்தது அவர் இசை கற்ற கதையும் கற்பித்த கதையும்.

கருநாடக இசையைத் திண்டுக்கல்லிலேயே தொடங்கிய பண்டிதர், மேனாட்டு இசையையும் கற்றார். ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் அவர்களுடைய முறையையும் தெரிந்துகொண்டார். இரண்டு இசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தவர் அன்றைய தமிழகத்தில் மிகச் சிலரே. அப்படிப் பார்த்ததனால்தான் அவருக்குச் சில கேள்விகள் எழுந்தன. மேனாட்டார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்துப் பியானோவில் கட்டைகளாக வைத்துவிட்டனர். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் அதே பாட்டை வாசிக்கலாம். நம்மவர்களோ இருபத்திரண்டு சுருதி என்று ஏட்டில் சொல்கிறார்கள். வீணையில் மெட்டு வைப்பதோ பன்னிரண்டுக்குத்தான். ஏடு சரியா, வீணை சரியா? இந்தக் கேள்வியை மற்றவர்கள் வித்துவான்களின் சண்டை என்று விட்டுவிட்டார்கள். பண்டிதர் அதனைக் கணக்காக எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னைப்பற்றி ஒரு சொல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா தோவாளையில் பூக் கட்டுகிறார். பக்கத்து வீட்டு அண்ணன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும்போது, தாம் வாங்கி வைத்திருந்த 61 கட்டைக் கீபோர்டையும், பெரியவர்கள் பியானோ கற்பதற்கென்று எழுதப்பட்ட ஓர் ஆங்கிலப் பயிற்சி நூலையும் என்னிடம் விட்டுச் சென்றார். சென்ற ஆண்டு முழுவதும் நான் அந்த நூலோடு இருந்தேன். இசை கற்பிக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டபோது, இதையெல்லாம் ஏழு வயதில் தொடங்கியிருக்க வேண்டும், இருபதில் விரல் வளையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே நூலே எனக்கு ஆசிரியர்.

பியானோப் பயிற்சி நூல் என்பது மேனாட்டில் ஒரு தனி இலக்கியமே. ஃபெர்டினாண்ட் பேயர் என்னும் செர்மானியர் 1850ஆம் ஆண்டையொட்டி எழுதிய தொடக்கப் பாடநூல் இன்றும் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. பிரான்சு நாட்டு ஆனோன் 1873இல் 60 விரற்பயிற்சிகளை வெளியிட்டார். அமெரிக்கரான ஜான் தாம்சன் 1936இல் எழுதிய முதல் பாடநூலின் தலைப்பிலேயே சின்னஞ்சிறு விரல்கள் என்று வரும். விடுமுறையில் செங்கல் சூளையில் கல் சுமந்த என் விரல்களை அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பெரியவர்களுக்கென்று தனி நூல்கள் பிற்காலத்தில் வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பெருவிரலுக்கு 1, சுண்டுவிரலுக்கு 5 என்று இரண்டு கைகளுக்கும் எண் இடுவார்கள். ஐந்து வெள்ளைக் கட்டைகளின் மேல் ஐந்து விரல்களை வைத்து நகர்த்தாமல் முதல் பாட்டைச் சொல்லித் தருவார்கள். பிறகு இடக்கை தனியே. பிறகு இரு கையும் சேர்ந்து. இங்கேதான் வளர்ந்தவனுக்குத் திண்டாட்டம். வலக்கை போகிற வழியிலேயே இடக்கையும் போகும். அம்மா என்னுடன் பேசிக்கொண்டே, பூவைப் பார்க்காமலேயே, இடக்கை விரல்களில் பூவைப் பிடித்து வலக்கையால் நாரைச் சுற்றி முடிச்சிடுவதைப் பார்த்த பிறகுதான், இரண்டு கை இரண்டு வேலை செய்வது பழக்கத்தால் வருவது, பிறப்பால் வருவதன்று என்ற தைரியம் பிறந்தது.

ஆனால் அந்த நூலின் பாட்டெல்லாம் எனக்குத் தெரியாத பாட்டு. ஆட்டுக்குட்டி, பனி, கிறித்துமசு மணி என்று போகும். விரல் சரியாகப் போகிறதா என்று காது சொல்ல வேண்டுமானால், பாட்டு முன்னமே காதில் இருக்க வேண்டும் அல்லவா? வேறொரு நாட்டுப் பிள்ளையின் காதுக்கு எழுதிய நூலை என் காதால் படிப்பது, பிறர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். இந்தக் குறையோடு நம் கல்லூரி நூலகத்தில் இசை நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆபிரகாம் பண்டிதரின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. அவர் கண்ட குறையும் ஏறத்தாழ இதுவே!

கருநாடக இசை கற்கத் தொடங்கும் பிள்ளை சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம் என்று ஏறி, கீதத்துக்கு வரும். வரிசைகள் வெறும் சுரங்கள். அவற்றுக்கு மொழி கிடையாது. கீதம்தான் முதன்முதலாகச் சொல்லோடு வரும் பாடம். அந்தக் கீதங்கள் பெரும்பாலும் கன்னடத்திலும் வடமொழியிலும் இருக்கும். அடுத்து வரும் சுரசதியும் வருணமும் தெலுங்கில் இருக்கும். தமிழ்ப் பிள்ளை பொருள் தெரியாமல் உருப்போட வேண்டியதுதான். இசைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இது பெரிய தொல்லை அன்று. தொட்டிலிலேயே அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கும். வெளியிலிருந்து வருகிறவனுக்கோ ஒரே நேரத்தில் இரண்டு சுவர் ஏற வேண்டும். ஒன்று சுரம், மற்றொன்று சொல்.

பண்டிதர் இதற்குத் தாமே மருந்து செய்தார். கீதம் முதற்கொண்டு தொடக்க மாணவருக்கு வேண்டிய உருப்படிகளைத் தமிழிலேயே இயற்றினார். அவ்வாறு இயற்றிய 96 பாடங்களைத் தொகுத்துக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907இல் வெளியிட்டார். பெரிய நூலாகிய கருணாமிர்த சாகரம் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிறிய நூல் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சி முடிந்த பின் கற்பிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தமிழிலும் இசை உண்டா என்ற வாதம் தமிழகத்தில் பெரிதாக எழுந்ததும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் இதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. மேடைக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று பின்னாளில் கேட்டவர் பலர். முதல் பாடத்தில் தமிழ் வேண்டும் என்று முன்னாளில் எண்ணியவர் இந்தப் பள்ளி ஆசிரியர். என்னைக் கேட்டால், அவருடைய பணிகளில் எல்லாரும் போற்றும் பெரிய நூலைவிட இந்தச் சிறிய திரட்டையே நான் மேலாகச் சொல்வேன். இசைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

இனி அவர் போட்ட கணக்குக்கு வருவோம். இயற்பியல் வகுப்பு நண்பர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு தந்தியை மீட்டினால் ஓர் ஒலி. அதே தந்தியைச் சரிபாதியாக அழுத்தி மீட்டினால் மேல் சட்சம். மூன்றில் இரண்டு பங்கில் மீட்டினால் பஞ்சமம். பழந்தமிழில் அதற்கு இளி என்று பெயர். சட்சமத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தைச் சட்சமமாக வைத்து அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு ஸ்தாயி கடந்து மீண்டும் சட்சமத்துக்கே வந்து சேர வேண்டும். வருகிறதா? ஒன்றரையை ஒன்றரையால் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 129.75 கிடைக்கிறது. ஏழு ஸ்தாயிக்கு இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128தான். வட்டம் மூடவில்லை, சற்றே தாண்டிவிடுகிறது. உலகத்து இசைக்காரர்கள் அனைவரையும் அலைக்கழித்த மிச்சம் இந்த ஒன்றே முக்கால். இதனைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கரைத்துவிடலாம் என்று சீன நாட்டு இளவரசர் சூ சாய்யூ 1584இல் கணக்கிட்டார். அண்மைக் காலத்திலேயே ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவினும் அதைக் கண்டார். ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள விகிதம் 1.05946. இதையே பன்னிரண்டு தடவை பெருக்கினால் மிகச் சரியாக 2 வரும். இன்றைய பியானோவும் கீபோர்டும் ஆர்மோனியமும் இந்தக் கணக்கின்படியே.

பண்டிதர் சிலப்பதிகாரத்துக்குச் சென்றார். உ.வே. சாமிநாதையர் 1892இல் அதனை உரையுடன் பதிப்பித்த பிறகு, அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் ஆராய்வார்க்குக் கிடைத்திருந்தன. அங்கே குரல் முதல் தாரம் வரையில் ஏழு சுரங்களையும் இராசி வட்டத்தில் வைத்துப் பாடும் முறை கூறப்படுகிறது. வட்டத்தில் வைக்க வேண்டுமானால் வட்டம் மூட வேண்டும். மூட வேண்டுமானால் பங்கு சமமாக இருக்க வேண்டும் என்பது பண்டிதரின் வாதம். ஆயப்பாலையில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, வட்டப்பாலையில் அதை இரட்டித்து இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு. இதுவே பழந்தமிழர் அறிந்த அலகுக் கணக்கு என்றார். உரையில் காணும் எண்களைக் கூட்டினால் இருபத்திரண்டுதான் வரும். அது இரண்டு அலகுகளைக் குறைத்துப் பாடும் முறையைக் காட்டுவதென்றும், அதையே அடிப்படைக் கணக்கென்று பின்வந்தவர்கள் கொண்டுவிட்டனர் என்றும் அவர் விளக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத இரத்தினாகரத்தின் இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை நேருக்கு நேர் மறுக்கத் துணிந்தார். வித்துவான்கள் கடவுள் வாக்காகக் கொண்டாடிய நூல் அது.

கீபோர்டு வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். பயிற்சி நூலின் முதல் பாடம் தொடங்குகின்ற ஸி என்னும் கட்டையிலிருந்து வாசித்தால் சங்கராபரணம். விரலை ஒரு கட்டை தள்ளி வைத்து அங்கிருந்து அதே வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் கரகரப்பிரியா. இன்னும் ஒன்று தள்ளினால் தோடி. அடுத்தது கல்யாணி, அதற்கடுத்தது அரிகாம்போதி, பிறகு நடபைரவி. கட்டைகள் மாறவில்லை; தொடங்கும் இடமே மாறியது. ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலை பிறக்கும் என்று இளங்கோவடிகளின் காலத்தார் சொன்னது இதைத்தான். இதனை நான் நூலில் முதலில் படித்து, இரவு வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபதாண்டு இசை கற்றவருக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம்.

ஆயினும் பண்டிதரின் முடிவை அப்படியே ஏற்க என் படிப்பு இடம் தரவில்லை. நம் ஆய்வுக்கூடத்துச் சோனாமீட்டரைக் கொண்டு சொல்கிறேன். 60 சென்டிமீட்டர் தந்தியில் இயற்கையான பஞ்சமம் 40 சென்டிமீட்டரில் வரும். சமப் பங்கீட்டின்படி 40.045 சென்டிமீட்டரில் வர வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட வேறுபாடில்லை, காது பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்துக்குப் போனால் கதை வேறு. சட்சம் 256 அதிர்வாக இருந்தால் இயற்கையான அந்தர காந்தாரம் 320; கீபோர்டில் வருவதோ 322.54. சட்சமத்தின் ஐந்தாம் மடங்கும் காந்தாரத்தின் நான்காம் மடங்கும் உரசும்போது நொடிக்குப் பத்துத் துடிப்புகள் எழுகின்றன. தம்புராவுக்குப் பழகிய காது அதைக் கேட்டு முகம் சுளிக்கிறது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரையில் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வட்டம் மூட வேண்டும் என்ற பண்டிதர் கணக்கு சரியே. ஆனால் தம்புராவை மீட்டிப் பாடுகிறவர் வட்டத்தை மூடுவதற்காகப் பாடுவதில்லை. ஒரே சட்சமத்தில் நின்று பாடுகிறவருக்கு ஒரு நியாயம். சட்சமத்தையே மாற்றிக்கொண்டு போகும் பியானோவுக்கு மற்றொரு நியாயம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தார் என்பதே அவர்மேல் நான் சொல்லக்கூடியது.

தம் முடிவை அவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்பது பெருமை. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவினார். அதிலிருந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள் தம் செலவிலேயே பல மாநாடுகளைக் கூட்டினார். வந்த வித்துவான்கள் பலர் அவர் கொள்கைக்கு மாறானவர்கள். அவர்களுக்கும் இலையிட்டு உணவளித்து, மேடை தந்து, தம்மை மறுத்துப் பேசவும் விட்டார். இசைத் தொழிலில்லாத ஒரு நாட்டு மருத்துவர் சுருதியைப்பற்றிக் கேள்வி கேட்பதா என்று முணுமுணுப்பு எழாமலா இருந்திருக்கும்? சாதியும் குலமும் இசை மேடையின் படிகளாக இருந்த காலம் அது. அவர் விடை சொன்னது வீணைத் தந்தியாலும் எண்களாலும்.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பரோடா மன்னரின் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பாத்கண்டே போன்ற வடநாட்டுப் பேரறிஞர்கள் கூடிய அவை அது. தஞ்சையிலிருந்து பண்டிதரும் சென்றார். தனியே போகவில்லை. தம் குடும்பத்துப் பெண்மக்களையும் அழைத்துச் சென்று, தாம் சொல்லும் கணக்கை அவர்கள் இசைத்துக் காட்டச் செய்தார். பெண்கள் அவையேறுவதே அரிதாயிருந்த நாளில் இது நடந்தது. இருபத்திரண்டு சுருதிக் கட்சியைச் சேர்ந்த டெவால் என்னும் மராட்டிய அறிஞரும், கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கில நீதிபதியும் அங்கே இருந்தனர். கிளெமெண்ட்ஸ் இருபத்திரண்டு சுருதிக்கும் கட்டை வைத்துச் சீமையில் ஓர் ஆர்மோனியமே செய்வித்திருந்தார். அந்த ஆர்மோனியம் பரோடாவில் வடநாட்டுப் பாடகர்களின் குரலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றது. அதனால் பண்டிதர் வென்றுவிட்டார் என்று சொல்லவும் முடியாது. இருபத்திரண்டு என்ற எண்ணே இன்றும் நம் இசைப் பாடநூல்களில் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது.

மறு ஆண்டு, 1917இல், கருணாமிர்த சாகரம் அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. இளமையில் திண்டுக்கல்லில் பழகிய அச்சுத்தொழில் இங்கே கைகொடுத்தது. இவ்வளவு பட்டியலும் எண்ணும் நிறைந்த தமிழ் நூலை அன்று வேறு அச்சகத்தார் எளிதில் ஏற்றிருக்க மாட்டார்கள். சிலப்பதிகார இசைக்கு முதன்முதலாக விரிவான விளக்கம் காண முயன்ற நூல் இது. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் வந்தது இதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1947இல்.

அந்த நூலில் நம் குமரிக்கும் ஓர் இடம் உண்டு. தமிழிசையின் தொன்மையைக் கூறவந்த பண்டிதர், குமரிக்குத் தெற்கே கடல்கொண்ட நிலத்திலிருந்து தொடங்குகிறார். லெமூரியா என்ற பெயரை 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் ஒரு குரங்கினத்தின் பரவலை விளக்குவதற்காகச் சொன்னார். அதனைத் தமிழர் குமரிக் கண்டத்தோடு சேர்த்துக்கொண்டனர். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைநாட்டப்பட்ட பிறகு, கடலில் மூழ்கிய அப்படியொரு கண்டம் தேவையற்றுப் போயிற்று. பண்டிதர் எழுதிய காலத்தில் கற்றவர் பலரும் நம்பிய செய்தியையே அவரும் எழுதினார். கன்னியாகுமரியில் நின்று தெற்கே பார்க்கிற நமக்கு அந்தக் கண்டத்தின்மேல் ஆசை விடுவதில்லை. ஆனால் அவர் இசைக் கணக்கு கண்டத்தின்மேல் நிற்கவில்லை, தந்தியின்மேல் நிற்கிறது. முதற்பகுதியைத் தள்ளிவிட்டுப் படித்தாலும் நூலுக்குக் குறைவில்லை.

நூல் வெளிவந்த பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அறுபது வயது நிறைந்த அதே மாதத்தில் மறைந்தார். இராகங்களைப்பற்றிய இரண்டாம் பகுதி கையெழுத்தாகவே நின்றது. தந்தையிடம் இசை கற்ற மகள் மரகதவல்லி துரைபாண்டியன் அதனை எடுத்து, 1946இல் அச்சேற்றினார். முதல் நூலுக்கும் இதற்கும் இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். இரண்டு உலகப் போர்களில் ஒன்று முடிந்து மற்றொன்றும் நடந்து முடிந்துவிட்டது. அந்த இராகப் பகுதிக்குத்தான் நான் இனிமேல் வர வேண்டும். இப்போது பயிற்சி நூலில் இரு கையும் சேரும் பாடங்களில் பாதி முடிந்திருக்கிறது. ஆட்டுக்குட்டிப் பாட்டை ஒதுக்கிவிட்டு, சுரங்களைக் கட்டைகளுக்கு மாற்றி எழுதி, தமிழ்க் கீதம் ஒன்றை வலக்கையால் மட்டும் வாசித்துவருகிறேன்.